திருமாலையில் பயன் கருதாப் பக்தி

திருமாலை என்பது தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்து அரங்கநாதர்மீது பாடிய, 45 பாசுரங்கள் கொண்ட நூலாகும். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் இது இடம்பெற்றுள்ளது. விப்ரநாராயணர் என்னும் இயற்பெயருடைய இவர் திருமண்டங்குடியில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துக் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்து வாழ்ந்தார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தேவதேவி என்பவளிடம் அவர் மயங்கிய கதையை விரித்துச் சொல்லிவிட்டு, நூலைத் தொடாமலே எழுந்துவிடும் பேச்சாளர்களும் உண்டு.

பயன் கருதாப் பக்திக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது இதன் இரண்டாம் பாசுரம். இறைவன் பெயரைச் சொல்லும் சுவை இருக்க, இந்திரலோகத்தை ஆளும் பேறு கிடைத்தாலும் வேண்டாம் என்பது அதன் கருத்து. ஊன்றிப் படித்தால், அங்கே ஒரு சுவைக்காக மற்றொரு சுவைதான் விடப்படுகிறது. சுவைப்பவர் ஆழ்வாரே. இந்த ஒரு பாசுரத்தோடு நின்றுவிட்டால் 'தன்னலமற்ற பக்தி' என்ற பட்டம் பாதிதான் பொருந்தும்.

பிற்பகுதி வேறு வகையானது. 25, 26ஆம் பாசுரங்களில், வேதியர்க்குரிய ஒழுக்கம் தம்மிடம் இல்லை, இறைவனிடத்தும் பக்தி இல்லை, காலந்தோறும் மலரிட்டு வணங்கவும் இல்லை என்கிறார். வாழ்நாளெல்லாம் பூத்தொடுத்தவர் சொல்லும் சொல் இது! தாம் செய்த தொண்டைக்கூட அவர் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவில்லை. 42, 43ஆம் பாசுரங்களிலோ பேச்சு அடியாரைப் பற்றியதாகிவிடுகிறது. தாழ்ந்த குலத்தவர் என்று உலகம் சொல்பவரும் அடியாரானால், வேதம் வல்லாரும் அவரைத் தொழ வேண்டும் என்பது இறைவன் கட்டளை. அத்தகையோரை இகழ்ந்தால் வேதியரே அக்கணத்தில் இழிந்தவராவர் என்கிறார். குலப்பெருமையும் நான் என்பதில் ஒரு பங்குதானே.

திருப்பாவையின் இறுதிப் பாசுரம், அதைப் பாடுவோர் இன்புறுவர் என்று பயன் கூறுகிறது. திருவாய்மொழியின் பல பதிகங்களும் அவ்வாறே முடிகின்றன. திருமாலையின் 45ஆம் பாசுரத்தில் படிப்பவர்க்கோ பாடியவர்க்கோ எப்பயனும் சொல்லப்படவில்லை. தம் கவிதை எளியது, ஆனாலும் அது பெருமானுக்கு இனிக்கிறது என்பதோடு நூல் முடிகிறது. அவையடக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அடக்கமாகப் பேசிக்கொண்டே பயனும் சொல்லியிருக்க முடியும். இரண்டாம் பாசுரத்தில் ஆழ்வாரின் நாவில் இருந்த சுவை இங்கே இறைவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இவரது மற்றொரு நூலான திருப்பள்ளியெழுச்சி 10 பாசுரங்களே கொண்டது. அதன் இறுதியில், பூக்குடலையோடு நிற்கும் அவர் கேட்பது ஒன்றுதான்: தம்மை இறைவனின் அடியார்க்கு ஆளாக்க வேண்டும் என்பது.