ஆனர்ஸ் படிப்பின் குணதோஷங்கள்

சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரியாகத் தோன்றி, 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விச்சாலையும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மரபைத் தழுவிச் சென்னை மாகாணத்தில் வழங்கிய ஆனர்ஸ் படிப்பை ஏற்று நடத்தியது. அக்கால முறைப்படி, இன்டர்மீடியட் தேறியவர் சாதாரண பி.ஏ. பட்டத்துக்கு இரண்டாண்டு பயில, ஆனர்ஸ் மாணவரோ ஒரே துறையில் மூன்றாண்டு பயின்றார், எம்.ஏ. பட்டமும் பின்னர்த் தனித் தேர்வின்றியே அவரை வந்தடைந்தது.

இம்முறையின் தலையாய குணம் ஆழம். பல பாடங்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்லாமல், ஒரு சாஸ்திரத்தின் மூலநூல்களிலும் வாதப் பிரதிவாதங்களிலும் இடைவிடாது தோய்பவனுக்கு, பிறர் முடிவுகளை ஒப்புவிக்கும் நிலை கடந்து, தானே ஆராயும் துணிவு பிறக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-இல் பௌதிக ஆனர்ஸ் முடித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், மாணவப் பருவத்திலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஆய்வுக் கட்டுரை எழுதினார்; மேதை அவருடையதே எனினும், அதற்கு அவகாசம் அளித்த பெருமையில் இப்படிப்புக்கும் பங்குண்டு.

தோஷங்களும் அற்பமல்ல. ஆண்டுக்கணக்கான உழைப்பைப் பெரும்பாலும் இறுதித் தேர்வின் சில நாட்களைக் கொண்டே அளந்து, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஆயுள் முழுவதற்கும் முத்திரையிட்டது ஒரு குறை. அதனினும் பெரிது மற்றொன்று: ஆக்ஸ்போர்டில் மாணவர் ஓரிருவராய் ஆசிரியர் அறையில் அமர்ந்து, தாம் எழுதிய கட்டுரையைப் படித்துக்காட்டி, வாரந்தோறும் விவாதிப்பதே அப்படிப்பின் உயிர், நாமோ தேர்வையும் வகுப்புப் பிரிவினையையும் இறக்குமதி செய்தோமேயன்றி, அவ்வுயிரைக் கொணர்ந்தோமில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறையும் சிதம்பரப் பல்கலைக்கழக வளாகமான அண்ணாமலைநகர், விபுலானந்தரும் சோமசுந்தர பாரதியாரும் தமிழ் கற்பித்த காலத்தில், அந்த இலட்சியத்தை நெருங்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தது. ஆயினும் விடுதிச் செலவும் ஆங்கிலப் பயிற்சியும் வாய்த்தவர்க்கே அதன் கதவு எளிதில் திறந்தது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஆனர்ஸைப் பரிந்துரைக்கத் தமிழ்நாடு மூன்றாண்டுப் பட்டத்தையே பேணுகிறது. ஆண்டுகளின் எண்ணிக்கையில் உயர்வு தாழ்வு இல்லை. கடலூர் அரசுக் கல்லூரிக்குக் கிராமத்திலிருந்து பஸ்ஸேறி வரும் முதல் தலைமுறை மாணவியின் கட்டுரையை வாரம் ஒருமுறை திருத்தி, அவளோடு வாதிட ஓர் ஆசிரியருக்கு நேரமுண்டா என்பதே கேட்கத்தக்க வினா. அந்த ஆசிரியரை முதலில் நியமியுங்கள். பட்டத்தின் பெயரைப் பிறகு தீர்மானிக்கலாம்.