யாருக்கு வந்தால் ஆன்மிகம்?

ராக் கச்சேரிக்குப் போய்வந்த ரசிகர்கள் பாட்டு நன்றாக இருந்தது என்பதோடு பேச்சை நிறுத்துவதில்லை. உடம்பு சிலிர்த்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது, அத்தனை கூட்டத்தில் நான் என்பதே இல்லாமல் போனது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பெங்களூரின் 'அகம்' குழு, முத்துசுவாமி தீட்சிதரின் 'ரங்கபுர விஹாரா'வை மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்து மேடையில் பாடக் கேட்டுவிட்டு வரும் என் மாணவர்களும் இப்படித்தான். கடைசியில் 'அது ஆன்மிக அனுபவம் மேடம்' என்று முடிப்பார்கள்.

அவர்கள் சொல்வதை நம்புகிறேன். பிருந்தாவன சாரங்காவை ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மேலே கொண்டுபோகப் போக, டிரம்ஸும் கூடவே ஏறும்போது கேட்பவர் உடம்பில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் வெளிப்படும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. என் கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியது. இதே நடுக்கம் வேறு சில உடம்புகளுக்கு வரும்போது 'ஆன்மிகம்' என்ற சொல் ஏன் அவற்றின் பக்கம் வருவதில்லை?

ஆடி மாதத்தில் எங்கள் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் கூழ் வார்ப்பார்கள். விடிவதற்கு முன்பே குழாய் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் தொடங்கிவிடும். சாயங்காலம் பம்பையும் உடுக்கையும் சேர்ந்துகொள்ளும். வருடம் முழுக்க வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக்கொடுத்துக் குனிந்தே இருக்கும் ஒருத்தி திடீரென்று நிமிர்வாள். கூந்தல் அவிழும், குரல் மாறும். வயதில் மூத்த ஆண்களை 'டேய்' என்று கூப்பிடுவாள். வேப்பிலையும் திருநீறுமாக அவள் முன்னால் குடும்பமே கைகட்டி நிற்கும். மறுநாள் படித்தவர்கள் அதற்குப் பெயர் வைப்பார்கள்: ஹிஸ்டீரியா, மூடநம்பிக்கை, வீட்டில் ஏதோ பிரச்சினை. பெண்ணியம் பேசுகிற நாமும் 'ஒடுக்கப்பட்ட மனத்தின் வடிகால்' என்று எழுதியிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ராக் மேடைக்கு முன்னால் கண்ணை மூடித் தலையை ஆட்டும் இளைஞனிடம், தம்பி, வீட்டில் உனக்கு என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை.

ஈஸ்வரியின் குரலைப் பற்றியும் விமர்சகர்கள் இன்னும் சரியாகப் பேசவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கோரஸ் பாடிய அம்மாவின் வழியில் தானும் கோரஸ் பாடி வந்தவர். 1961இல் வந்த 'பாசமலர்' பெயர் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு தமிழ் சினிமா பெண்குரலைப் பங்கு பிரித்தது. நாயகிக்குப் பெரும்பாலும் பி. சுசீலா, கிளப்பில் ஆடுகிறவளுக்கு ஈஸ்வரி. 'சிவந்த மண்' (1969) படத்தில் சவுக்கடிச் சத்தத்துக்கு நடுவே அவர் பாடுவதைக் கேளுங்கள். மூச்சிரைப்பு, வெட்டி எழும் கூவல், அடுத்த கணமே அடங்கும் குரல். இதே கூவலும் இதே மூச்சும்தான் பின்னால் அம்மன் பாட்டுக்குள் போயின. உருகுவதற்கென்று அவர் தனிக்குரல் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மனிடம் கெஞ்சாமல், எழுந்து வா என்று உரிமையோடு அழைக்கிறார். குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று சினிமா ஒதுக்கிய குரல் தெய்வத்துக்கு ஆகிவந்தது. தமிழில் ராக் பாடகி யார் என்று கேட்டால் நான் தயங்காமல் ஈஸ்வரி என்பேன். 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்துக்கும் அந்தக் குரலைத்தான் தேடிப் போனார்கள்.

சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் குலத்துச் சாலினி மேல் கொற்றவை வந்து இறங்குகிறாள். சாலினி தன் குலத்தாரைக் கண்டிக்கிறாள், கண்ணகியின் பெருமையை முன்கூட்டியே சொல்கிறாள். கண்ணகியோ, ஏதோ மயக்கத்தில் பேசுகிறாள் என்று கணவனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாள். அருள் வந்தவளின் பேச்சை மயக்கம் என்று சொன்னவர்களில் முதல் ஆள் ஒரு குடும்பப் பெண் என்பது வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது. ஆனாலும் காப்பியத்தில் சாலினி சொன்னதுதான் நடந்தது.

இன்னொன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் மார்கழி தோறும் ஆண்டாளின் 30 பாசுரங்களை ஆண்கள் கோஷ்டியாகச் சேவிக்கிறார்கள். அந்தக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறைகளாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். ஆண்டாளைப் போல ஒரு பெண் அந்த வரிசையில் நிற்கலாமா என்பது அவர்களுடைய சண்டையில் இல்லை.

சரி, பெண் ராக் மேடைக்கே வந்துவிட்டால்? 2018இல் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, ராப், ராக் மூன்றையும் கலந்த குழு. தொடங்கியபோது அதில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ஐயப்பனை நேராக விளித்து, பெண் கோயிலுக்குள் வந்தால் என்ன என்று மேடையில் நின்று பாடினார். கீழே கூட்டம் ஆடியது, சிலிர்த்தது. கடவுளோடு இவ்வளவு நேராகப் பேசிய அந்தப் பாட்டை ஆன்மிக அனுபவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாடி ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், பக்தர்களின் மனம் புண்பட்டதாகக் காவல்துறைக்குப் புகார்கள் போயின. கைப்பேசியில் அவருக்கு வசவும் மிரட்டலும் வந்துகொண்டிருந்தன.