காடும் குளமும் குடியும்: பட்டினப்பாலை அடிகள் சில பற்றி

காடு திருத்தி மக்களைக் குடியேற்றுதல் அரசின் கடமை என்பார், அதற்குத் தமிழ்ச் சான்று வேண்டியவிடத்துப் பட்டினப்பாலையையே பெரிதும் நாடுகின்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைப் பாடிய அப்பாட்டின் 283ஆம் அடி, மன்னன் காட்டை அழித்து நாடாக்கிய செய்தியைக் கூறுகின்றது. இவ்வடி வரலாற்று நூல்களிலும் மேடைகளிலும் தனித்து எடுத்தாளப்படுதலை நாம் அறிவோம். அங்ஙனம் தனித்து எடுத்தல் பாட்டின் கருத்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குடியேற்றமும் காடும் வெள்ளமும் ஒன்றோடொன்று பிணங்கி நிற்கும் இந்நாளில், இது சொற்பொருள் அளவில் முடியும் வினா அன்று.

முதற்கண் அடியின் இலக்கணத்தை நோக்குவோம். நாடாக்கியதைக் கூறும் சொல் முற்று அன்று, வினையெச்சம். எச்சம் தன்னளவில் பொருள் முடியாது; அடுத்த வினையை அவாவி நிற்கும். இவ்வெச்சம் அவாவும் வினை 284ஆம் அடியில் உளது: குளம் அகழ்ந்து வளம் பெருக்குதல். அதன்பின் உறந்தை பற்றிய செய்தி வருகின்றது. அவ்வடியின் வினைச்சொல்லுக்குப் பொருள் கொள்வதில் அறிஞரிடை வேறுபாடு உண்மையின் அதனை ஈண்டு விடுப்போம். அடுத்து வருவது கோயிலொடு குடிகளை நிலைபெறச் செய்தல். எனவே காடழித்தல் ஒரு தொடரின் தொடக்கம். குளம் அதன் நடு. குடி நிலைபெறுதல் அதன் பயன். தொடக்கத்தை மட்டும் கொண்டு மன்னனைப் புகழ்வது, எச்சத்தை முற்றாகக் கொள்ளும் பிழையாம்.

இவை புகழ்ச்சி கருதி அடுக்கிய செயல்களே. இவற்றினிடையே தொடர்பு காண்டல் மிகை என மறுப்பாரும் உளராகலாம். அம்மறுப்புக்குப் பாட்டே விடை தருகின்றது. கரிகாலனால் பகைவர் மருதநிலம் பாழ்பட்ட நிலையை உருத்திரங்கண்ணனார் முன்னரே விரித்துள்ளார். ஆண்டு வயலும் குளமும் வேறுபாடின்றி மயங்கி நீரற்றுப் போக, அவ்விடத்து மான்கள் துள்ளித் திரிகின்றன. நீர்நிலை அழிந்தால் நாடு மீண்டும் காடாகும் என்பதை உணர்ந்த புலவர், காட்டை நாடாக்கும்போது குளத்தை அடுத்தே வைத்தது தற்செயல் என்று கொள்ளுதற்கில்லை. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய புறநானூற்று 18ஆம் பாட்டின் அறிவுரையும் இதனோடு ஒத்தது. நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்குவோரே நிலைத்த புகழ் பெறுவர் என்பது அவர் துணிபு.

இனி, அவ்வடிக்கு முன் உள்ளதை நோக்குவோம். இதுவே பெரிதும் மறக்கப்படுவது. காடழித்த செய்திக்கு முந்திய ஈரடிகளில் பொதுவர் வழி அழிந்ததும் இருங்கோவேளின் சுற்றம் சாய்ந்ததும் கூறப்படுகின்றன. பொதுவர் ஆவார் இடையர்; முல்லை நிலத்து மக்கள். காட்டில் வாழ்ந்தோர் வீழ்ச்சியை அடுத்தே காட்டின் வீழ்ச்சி வருகின்றது. காட்டுக்குப் புலவர் ஆண்ட வினையும் போர்க்களத்துக்குரிய ‘கொல்’ என்பதே. புலவர் இதற்கு இரங்கினார் என நாம் கூறவில்லை. அவர் பாடியது புகழ். ஆயினும் அப்புகழுக்குக் கொடுத்த விலையை அவர் மறைத்திலர். காடு ஆளில்லா வெற்றிடமாக இருந்தது என்று பட்டினப்பாலை யாண்டும் கூறவில்லை.

இவ்வளவையும் உளங்கொண்டு அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டபின், அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் கடும் உணவுப் பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. அதிக உணவு உற்பத்தி இயக்கத்தின் பெயரால் அரசு காட்டு நிலங்களைப் பயிர்த்தொழிலுக்குத் திறந்துவிட்டது. 1950களின் நடுவில் திருவிதாங்கூர்–கொச்சி அரசு உயர்மலைப் பகுதியில் குடும்பங்களுக்கு நிலம் வழங்கிக் குடியேற்றியது. தேவிகுளம், பீருமேடு பகுதிகளின் மக்கள்தொகையை மாற்றும் உள்நோக்கம் அதற்கு உண்டு எனத் தமிழர் தரப்பில் குறை எழுந்ததும் வரலாறே. குடியேறியோர் பெரும்பாலும் நிலமற்ற ஏழையர். மலைக்காய்ச்சலோடும் காட்டு விலங்கோடும் போராடியவர். அவர்களைக் காட்டின் பகைவர் என்று இன்று எளிதில் பழித்தல் நேர்மையாகாது. அவர்களை மலைக்கு அழைத்தது பசியும் அரசும் ஆகும்.

அவ்வழைப்பில் தொடரின் முதல் வினையே நிகழ்ந்தது. எஞ்சிய இரண்டும் ஒன்றையொன்று கெடுத்தன. 1961இல் இடுக்கி நீர்த்தேக்கத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியில் நிலம் திருத்தி வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டு அமராவதியில் விடப்பட்டனர். அவர்களுக்காக ஏ. கே. கோபாலன் ஆண்டு உண்ணாநோன்பு மேற்கொண்டார். பட்டினப்பாலையில் குளம் குடியை நிலைநிறுத்தியது. ஈண்டோ நீர்த்தேக்கம் குடியைப் பெயர்த்தது.

குளம் சமநிலத்துக்குரியது, செங்குத்தான மலைச்சரிவில் குளம் அகழ்தல் யாங்ஙனம் என வினவலாம். மலையில் குளத்தின் தொழிலைச் செய்வது காடே. இலையும் சருகும் மழையின் விசையைத் தணிக்கின்றன. மண் நீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுகின்றது. வேர்கள் சரிவைப் பிணிக்கின்றன. வள்ளுவர் நாட்டின் உறுப்புகளைக் கூறும் 737ஆம் குறளில் மலையையும், அரணைக் கூறும் 742ஆம் குறளில் நிழற்காட்டையும் வைத்துள்ளார். நாடும் காடும் பகை என்னும் கருத்துக்கு அவரிடத்து இடமில்லை. 1952ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கையும் மலைப்பகுதிகளில் நூற்றுக்கு 60 பங்கு காடாக இருத்தல் வேண்டும் என வரையறுத்தது. மலைச்சரிவில் காட்டை அழிப்பவர் குளத்தையும் உடன் அழிக்கின்றனர் என்பதே இதன் தெளிபொருள்.

2018 ஆகஸ்டில் கேரளத்தை அழித்த வெள்ளத்தில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடுக்கி மாவட்டத்தில் பல சரிவுகள் பெயர்ந்தன. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் மறைந்தன. அவருள் மிகப் பலர் தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் மக்களுமாவர். இப்பேரிடர்களுக்குப் பெருமழையே முதற்காரணம்; காடழிவு ஒன்றே காரணம் எனல் ஆராய்ச்சி நெறியாகாது. பெட்டிமுடி அரசு அமைத்த குடியேற்றமும் அன்று. அது தோட்டக் குடியிருப்பு. ஆயினும் குடியை நிறுத்தும் இடம் யாது, அவ்விடத்தின் நீர்வழி யாது என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த குழு 2011இல் இம்மலைத்தொடரைக் காக்கும் வழிகளைக் கூறியபோது, உயர்மலைக் குடியேறியோரே அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஒருமுறை பெயர்க்கப்பட்ட மக்கள் மறுமுறை அஞ்சுதல் இயல்பு. அவ்வச்சம் நீங்காமல் எந்தச் சட்டமும் காட்டைக் காவாது. பழங்குடியினரின் வன உரிமையை ஏற்ற 2006ஆம் ஆண்டுச் சட்டமோ, பொதுவர் காலந்தொட்டு நேர்ந்துவரும் பிழையைச் சிறிதளவேனும் திருத்த முயல்வது. உழுவோரின் நிலவுரிமையை உறுதி செய்தலும், செங்குத்துச் சரிவையும் ஓடைக்கரையையும் காட்டுக்கு விடுதலும், இடர்மிக்க இடத்தோரை அவர் இசைவுடன் நன்னிலத்தில் அமர்த்துதலும் ஒருங்கு நிகழ்தல் வேண்டும். ஒன்றை விடுத்து ஒன்றைச் செய்தல் மீண்டும் எச்சத்தோடு நிற்பதாகும்.

பட்டினப்பாலையின் இறுதியில் தலைவன், தான் செல்லவிருக்கும் காடு திருமாவளவனின் வேலினும் வெம்மையுடையது எனவும், தலைவியின் தோள் அவன் செங்கோலினும் தண்மையுடையது எனவும் கூறுகின்றான். வேலும் கோலும் ஒரு மன்னனுக்கே உரியன. காடழித்தல் வேலின் செயல். குளம் அகழ்தலும் குடி நிறுத்தலும் கோலின் செயல். புலவர் தண்மை என்று போற்றியது கோலையே என்பதை, இப்பாட்டைச் சான்று காட்டுவோர் மறவாதிருத்தல் நன்று.