காந்தம் ஏற்றும் விளக்கு

பழைய சைக்கிள் டைனமோவைத் தட்டிவிட்டால், அது டயரில் உரசி முனகிக்கொண்டே வெளிச்சம் தரும், மிதிப்பதும் கனத்துப்போகும்.

டென்மார்க்கின் ரீலைட் விளக்கில் அந்த உரசலே கிடையாது. சக்கரக் கம்பிகளில் இரண்டு காந்தங்கள். அச்சருகே, கம்பிச்சுருள் அடங்கிய சின்ன விளக்கு. சக்கரம் சுழன்று காந்தம் சுருளைக் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் பிறக்கிறது, விளக்கு பளிச்சிடுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம்! பேட்டரி தீருமே என்ற கவலை இல்லை.

சுவிட்ச் இல்லாததுதான் இதன் பேரழகு. போட மறக்க வழியே இல்லை. பட்டப்பகலிலும் மினுக்கிக்கொண்டே போகும்.

பகல் வெளிச்சத்தில் இது எதற்கு? டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 2004 நவம்பர் முதல் ஓராண்டு, 3,845 பேரை வைத்துச் சோதித்தார்கள். எப்போதும் எரியும் இந்த விளக்கைப் பொருத்தியவர்களிடையே, காயம்பட்ட விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைந்திருந்தன.