மேய்ச்சல் நிலமும் வீரகாவியமும்

ஒரு தனிமனிதனின் வாழ்க்கை வரலாறு எப்பொழுது ஒரு சமூகத்தின் வரலாறாகின்றது? எப்பொழுது அச்சமூக வரலாற்றை மறைக்கும் திரையாகின்றது? அமெரிக்க மேற்கெல்லையின் மாட்டுப் பண்ணையாளருட் பெரும்புகழ் ஈட்டிய சார்ள்ஸ் குட்நைற்றைப் பற்றி எவெற்ஸ் ஹேலி எழுதி, 1936 இல் வெளிவந்த நூலைப் படிப்போர்க்கு இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழும். நூல் இரண்டையும் செய்கிறது. ஆதலினாலேயே அதனைப் புகழ்ந்து அமைவதும் தவறு. புறக்கணித்து ஒதுக்குவதும் தவறு.

அமெரிக்க மாட்டுக்காரனை நம்மிற் பலருக்கு அறிமுகஞ் செய்துவைத்தது திரைப்படமே. அங்கே அவன் குதிரையில் வருகிறான், சுடுகிறான், போகிறான். அவன் உழைப்பதை நாம் காண்பதரிது. ஹேலியின் நூலோ உழைப்பின் நூல். குட்நைற்றின் இறுதி ஆண்டுகளில் அவர் வாய்மொழியை நேரிற் கேட்டவர் ஹேலி. தாமும் மாடு மேய்க்கும் நாட்டிற் பிறந்து வளர்ந்தவர். எனவே தொழிலின் நுணுக்கம் அவர் கைக்கு எட்டியிருக்கிறது.

1836 இல் இலினோய் மாநிலத்திற் பிறந்து, சிறுவனாக ரெக்சாஸ் வந்துசேர்ந்த குட்நைற், 1866 இல் ஒலிவர் லவிங் என்ற மூத்த வணிகருடன் கூட்டுச் சேர்ந்து ஏறக்குறைய 2,000 மாடுகளை நியூ மெக்சிக்கோவுக்கு ஓட்டிச் சென்றார். உடன் சென்றோர் 18 பேர். இடையிலே கொன்சோ ஆற்றுக்கும் பெக்கொஸ் ஆற்றுக்கும் நடுவே எண்பது மைலுக்குக் குறையாத வறண்ட வெளி, சொட்டு நீரில்லை. தாகத்தால் வெறிகொண்ட மாடுகள் ஆற்றின் வாடையை மோந்ததும் கட்டுமீறிப் பாய்ந்தன. பல ஆற்றிலேயே மடிந்தன. நடக்கமாட்டாத இளங்கன்றுகள் அன்றன்று காலையிற் சுட்டுக் கொல்லப்பட்டன. பழைய படைவண்டியொன்றைச் சமையல் வண்டியாக மாற்றி, நெடும்பயணத்துக்கு ஏற்ற நடமாடும் அடுக்களையை அமைத்தவரும் குட்நைற்றே. இவற்றைப் படிக்கும்போது உழைப்பின் கடுமையும் உழைப்பவன் மதிநுட்பமும் நம் கண்முன் நிற்கின்றன. நூலின் உண்மையான பலம் இதுவே.

ஆயின், இம்மாடுகளை வாங்கியவர் யார்? இவ்வினாவை வீரகாவியம் விரைந்து கடந்து செல்கிறது. நாம் அங்ஙனஞ் செல்லலாகாது. மந்தை போய்ச் சேர்ந்த இடம் சம்னர் கோட்டை. அங்கே, தம் தாயகத்திலிருந்து 1864 இல் நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திக் கொண்டுவரப்பட்ட நவாஹோ மக்கள், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர், இராணுவக் காவலில் அடைக்கப்பட்டிருந்தனர். விதைத்தது விளையவில்லை, பட்டினி பரவிற்று. அவர்களுக்கு உணவிட அரசாங்கம் இறைச்சி வாங்கியது. உயிரெடையில் இறாத்தலுக்கு 8 சதம். கைக்கு வந்தது 12,000 டொலர் பொன். பெருமந்தை வாணிகத்தின் முதற்செல்வம் ஒரு சிறைமுகாமின் வாயிலிற் பிறந்தது. 1868 இல் ஓர் உடன்படிக்கையின் பின்னரே அம்மக்கள் ஊர் திரும்பினர்.

பண்ணையின் நிலமும் அவ்வாறு கிடைத்ததே. ரெக்சாசின் வடபகுதியிலுள்ள பலோ டூரோ பள்ளத்தாக்கு கொமான்சி, கயோவா மக்களின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. 1874 செப்டெம்பர் 28 ஆம் நாள் கேணல் மக்கென்சியின் படை அதனைத் தாக்கியது. மடிந்த மனிதர் சிலரே. ஆனாற் கைப்பற்றப்பட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. குதிரையிழந்த மக்கள் நடந்துபோய்ச் சரணடைந்தனர். இரண்டே ஆண்டுகளில், 1876 இல், அதே பள்ளத்தாக்கினுள் குட்நைற்றின் மந்தை இறங்கியது. யாருமற்ற நிலத்துக்கு வந்தவர் போல அவரைச் சித்திரிக்கும் மரபு இந்த இரண்டு ஆண்டுகளையே மறக்கச் சொல்கிறது.

1873 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் நொடிந்திருந்த குட்நைற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அடேர் என்ற அயர்லாந்து நிலப்பிரபுவிடமிருந்து. 1861 ஏப்பிரிலில் டொனெகல் மாவட்டத்தின் டெரிவே என்னுமிடத்தில் 47 குடும்பங்களை, 244 உயிர்களை, வீடிடித்து வெளியேற்றிய அதே அடேர்தான் அவர். 1877 இற் செய்த ஒப்பந்தப்படி பெருமளவு மூலதனம் அடேருடையது. உழைப்பும் நிருவாகமும் குட்நைற்றுடையன. ஆண்டுச் சம்பளம் 2,500 டொலர். பண்ணையின் பெயரும் மாட்டின் விலாவிற் சுட்ட குறியும் அடேரின் முதலெழுத்துகளே. ஐந்தாண்டின் முடிவில் இலாபம் 512,000 டொலரைத் தாண்டிற்று. உச்சநிலையிற் பண்ணை 13 இலட்சம் ஏக்கரையும் இலட்சம் மாடுகளையும் கொண்டிருந்தது. டொனெகலின் குடியானவனை வெளியேற்றிய கையும் பலோ டூரோவில் வேலியிட்ட கையும் ஒன்றே என்பதை உணரும்போது, ‘எல்லைப்புறம்’ என்பது நாகரிகத்தின் ஓரம் அன்று, மூலதனத்தின் நெடுஞ்சாலை என்பது தெளிவாகும்.

உழைத்தவர் நிலை யாது? போஸ் ஐக்காட் அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர். விடுதலைக்குப் பின் குட்நைற்றின் நெடும்பயணங்களில் வலக்கையாக நின்றார். மந்தை விற்ற பணத்தைக் காவிச்செல்லும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1929 இல் அவர் இறந்தபோது குட்நைற் தம் செலவிற் கல் நாட்டினார். அந்த அன்பு போலியன்று. ஆயினும் ஒரே பாதையிற் சென்ற இருவருள் ஒருவர் பெரும்பண்ணையின் பங்காளியானார். மற்றவர் சிறு கமக்காரராகவே இருந்தார். தனிமனித நேர்மை சமூக உறவை மாற்றிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1880 இல் அப்பிரதேசத்து மந்தைச் சொந்தக்காரர்கள் சங்கம் அமைத்தனர். அதன் முதல் தலைவர் குட்நைற். மூன்றாண்டுகளின் பின், 1883 இல், சுற்றுவட்டாரப் பண்ணைகள் சிலவற்றின் மாட்டுக்காரர்கள் மாதம் 50 டொலர் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். தொழிலாளி தன் பெயரிற் சில மாடுகளை வளர்க்கும் பழைய வழக்கமும் அக்காலத்தில் மறுக்கப்பட்டு வந்தது. போராட்டம் தோற்றது. திரைப்படத்தின் தனித்த வீரன், உண்மை வாழ்வில், கூலி போதாமல் ஒன்றுகூடிய தொழிலாளியாகவும் இருந்தான்.

இனி வீட்டார். 1870 இல் குட்நைற்றை மணந்த மேரி ஆன் டயர், பெற்றோரை இழந்தபின் தம்பியரை வளர்த்து, பள்ளியிற் படிப்பித்த பெண். பள்ளத்தாக்கில் அவர் மாதக்கணக்காக வேறொரு பெண்முகத்தைக் கண்டதில்லை. மாட்டுக்காரன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த மூன்று கோழிகளே அவர் பேச்சுத் துணை. பிள்ளைப்பேறு இல்லை. மாட்டுக்காரரின் கிழிசலைத் தைத்தார், நோய்க்கு மருந்திட்டார். வேட்டைக்காரர் தோலுக்காகக் காட்டெருமைகளைக் கொன்றொழித்த நாள்களில், தாயற்ற கன்றுகளைக் காக்கும்படி கணவரைத் தூண்டினார். அக்கன்றுகளிலிருந்து பெருகிய மந்தை அவ்வினத்தை அழிவிலிருந்து காத்தவற்றுள் ஒன்று. 1898 இல் இருவரும் ஒரு கல்லூரியும் நிறுவினர். கூலியேட்டில் இப்பெண்ணின் உழைப்புக்கு வரியில்லை. வீரகாவியத்திலும் அவருக்குத் துணைப்பாத்திரமே. பேசக் கோழியன்றித் துணையற்ற அந்த ஆண்டுகளை மையமாக வைத்து எழுதப்படும் பண்ணை வரலாறு எத்துணை வேறுபட்டிருக்கும்!

ஹேலி முற்போக்காளரல்லர். ரூஸ்வெல்ற்றின் பொருளாதாரச் சீர்திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தவர். தன் காலில் நிற்கும் தனிமனிதனே வரலாற்றின் இயக்கி என்பது அவர் கொள்கை. எனினும் தம் நாயகனின் தொழிலை அவர் நேர்மையாக விவரித்தமையால், அக்கொள்கையின் போதாமை நமக்குப் புலனாகின்றது. படைக்குத் தேவையான இறைச்சி, படை வென்ற நிலம், அந்நிய மூலதனம், சம்பளத் தொழிலாளர், மனைவியின் ஊதியமில்லா உழைப்பு ஆகிய இவையில்லாத குட்நைற் எங்கே? 1887 இற் பண்ணைப் பங்கைக் கைவிட்டு, மெக்சிக்கோ வெள்ளிச் சுரங்கத்திற் பணத்தை இழந்து, 1929 இல் இறந்த அவர் தாமும் அம்மூலதனத்தின் ஆட்டத்தில் ஒரு காயே.

லறி மக்மேர்ற்றி 1985 இல் வெளியிட்ட ‘லோன்சம் டோவ்’ என்ற நாவல், லவிங்கின் சடலத்தைக் குட்நைற் சொந்த ஊருக்குக் கொண்டுசென்ற செய்தியைத் தழுவியது. பழங்கதையின் போலி மினுக்கை உரிக்க முயன்ற அந்நாவலையும் மக்கள் மீண்டும் வீரகாவியமாகவே படித்தனர் என்று மக்மேர்ற்றியே வருந்தினார். எனவே குறை எழுத்தாளனிடம் மட்டுமில்லை. வாசிக்கும் பழக்கத்திலும் இருக்கிறது.

மாணவருக்கு இலக்கியங் கற்பிப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வீரனை வெறுக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. அவன் ஓட்டிச்சென்ற மாட்டை யார் தின்றார், அவன் நின்ற நிலத்தில் முன்பு யார் நின்றார், இலாபம் யார் பைக்குப் போயிற்று என்று கேட்கக் கற்பித்தாற் போதும்.