ஆபேலின் மதிலும் தகடூரின் இரவும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் ஆபேல் பெத்மாக்கா என்றொரு ஊர் வருகிறது. எருசலேம், எரிகோ தெரிந்தவர்களுக்குக்கூட இந்த ஊர் அவ்வளவாகத் தெரியாது. இரண்டாம் சாமுவேல் நூலின் 20ஆம் அதிகாரம் அதன் கதையைச் சொல்கிறது. தாவீது அரசனுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த சேபா என்பவன் இந்த ஊருக்குள் புகுந்துகொள்கிறான். படைத்தலைவன் யோவாப் ஊரை முற்றுகையிட்டு, மண்மேடு எழுப்பி மதிலை இடிக்கத் தொடங்குகிறான். அப்போது உள்ளிருந்து ஒரு பெண் அவனைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். அந்தக் காலத்தில் வழக்குத் தீர வேண்டுமென்றால் ஆபேலுக்கு வந்துதான் கேட்பார்களாம். அப்படிப்பட்ட ஊரை, ஒரு தாயைப் போன்ற ஊரை அழிக்கலாமா என்பது அவள் கேள்வி. ஒருவனைக் கொடுத்தால் போய்விடுகிறேன் என்கிறான் யோவாப். அவள் ஊராரிடம் போய்ப் பேசுகிறாள். சேபாவின் தலை மதிலுக்கு வெளியே வந்து விழுகிறது. படை திரும்புகிறது.

விவேகமுள்ளவள் என்பதற்கு மேல் அவளுக்குப் பெயரில்லை. ஊரைக் காத்தவள் என்று பெண்ணிய வாசிப்புகளில் அவளைக் கொண்டாடுவது உண்டு. எனக்கு அது பாதி வாசிப்பாகவே படுகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் வேறு பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அப்சலோம் தன் தகப்பனை அவமானப்படுத்துவதற்காக வன்புணர்ந்த, தாவீதின் மறுமனையாட்டிகள். அரசன் திரும்பி வந்ததும் அவர்களுக்குச் சோறு போட்டு, காவலில் அடைத்து, சாகும்வரை கைம்பெண்களைப் போல வைத்துவிடுகிறான். ஒரே வசனத்தில் முடிந்துபோகிறது அவர்கள் வாழ்க்கை. மதிலோரம் பேசியவளை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பத்துப் பேரை விட்டுவிட்டால், அரசனுடைய போருக்கு உதவியாக முடிந்த பேச்சையே நாமும் பெண்ணின் குரல் என்று ஏற்றுக்கொள்கிறோம். (லெபனான் எல்லையை ஒட்டிய அந்த மேட்டை 2013 முதல் அகழ்ந்து வருகிறார்கள். 2017இல் அங்கே கிடைத்தது தாடி வைத்த ஓர் ஆணின் சிறிய தலைச் சிற்பம். சேபாவின் காலத்துக்குப் பிந்தையதுதான், என்றாலும் தலைதான் கிடைத்திருக்கிறது!)

நான் பாடம் நடத்துவது தருமபுரியில். சங்க காலத் தகடூர் இதுதான். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். எங்கள் மாணவிகளுக்கு அது நெல்லிக்கனியின் ஊர். இந்த ஊருக்காகவும் ஒரு பெண் பேசப் போனாள். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். இதை வைத்து ‘போரை நிறுத்திய ஔவை’ என்று பள்ளியிலிருந்தே சொல்லித் தருகிறோம். பாட்டிலும் அப்படி இல்லை, அதன் அடிக்குறிப்பிலும் இல்லை. போர் நின்றதா என்பதைப் பற்றி இரண்டுமே பேசவில்லை. பாட்டில் இருப்பது நாசூக்காகச் சொல்லப்பட்ட மிரட்டல். ஆபேலின் பெண் தன் ஊர் வழக்குத் தீர்த்த பெருமையைச் சொல்கிறாள். ஔவை தன் தலைவன் கொன்ற கணக்கைச் சொல்கிறார்.

இதைச் சொன்னால் ஔவையைக் குறைக்கிறேன் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். சமாதானத் தூதர் என்ற பிம்பம்தான் அவரைக் குறைக்கிறது என்பேன். கிழவியாக்கி, கையில் கோல் கொடுத்து, ஆசையும் அரசியலும் இல்லாதவராக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. 1953இல் வந்த ஜெமினி படமும், 1968இல் மெரினாவில் வைத்த சிலையும் அந்த மூதாட்டியையே நிலைநிறுத்தின. அவரை இளம் பாணர்குலப் பெண்ணாகக் காண இன்குலாப் நாடகம் எழுத வேண்டியிருந்தது, அ. மங்கை அதை மேடையேற்ற வேண்டியிருந்தது.

தகடூர் தப்பவில்லை. தொண்டைமானால் அல்ல, பெருஞ்சேரல் இரும்பொறையால் வீழ்ந்தது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடுவது வென்றவனை. அந்தப் போரைச் சொன்ன தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சிதறிய சில பாடல்களே மிச்சம். அஞ்சி இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. அவற்றில் அவன் கொடுத்த கள்ளும் சோறும், அவன் நடுகல்லும் இருக்கின்றன. தகடூரின் பெண்கள் இல்லை.

குறுந்தொகையில் தேடினால் ஒரு வழி கிடைக்கிறது. 91ஆம் பாட்டும் ஔவையார் பெயரில்தான் இருக்கிறது. மருதத்திணை, பரத்தையைத் தேடிப் போகும் கணவனின் மனைவியைப் பற்றியது. அவனுக்கு நீ மனைவியென்றால் உன் நெஞ்சில் துயரம் பலவாகட்டும், நீ உறங்கும் நாட்கள் சிலவாகட்டும் என்று போகிறது பேச்சு. எவ்வளவு சில? அஞ்சியின் போர்முனையில் இருக்கும் ஊரின் இரவு போல. உவமையாக வந்த இந்த ஊரை நம் உரையாசிரியர்கள் விரைவாகக் கடந்துபோகிறார்கள். வரலாறு எழுதுபவர்களுக்கோ இது அஞ்சியின் காலத்தைக் காட்டும் சான்று, அவ்வளவுதான்.

அது அஞ்சியைக் கண்டு அஞ்சும் ஊர். மழை போல ஓயாமல் கொடுக்கும் கை என்று அவனைச் சொல்லிவிட்டு, மூச்சுவிடுவதற்குள் அவன் படை எதிரே நிற்கும் ஊரில் எவரும் கண்மூடுவதில்லை என்கிறார். புறத்தில் இந்த இரண்டும் ஒரே புகழின் இரண்டு பக்கங்கள். இங்கே மட்டும் புகழுக்கு அந்தப் பக்கம் விழித்துக் கிடப்பவர்களின் இரவு தெரிகிறது. அதைத் தெரிந்துகொள்ள, கணவன் வராத வீட்டில் விழித்திருக்கும் ஒருத்தியின் இரவு தேவைப்பட்டிருக்கிறது. அவைக்களத்தில் அதியமானின் தூதராகச் சொல்ல முடியாததை அகப்பாட்டின் உவமைக்குள் வைத்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். அகத்தில் தலைவன் தலைவிக்குப் பெயர் கூடாது. உவமையில் அரசன் பெயர் வரலாம். அந்த இடைவெளியில்தான் இது நுழைந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள். அவற்றில் 33 புறநானூற்றில். நாம் பாடத்திட்டத்துக்கு எடுப்பது பெரும்பாலும் இந்த 33லிருந்துதான், அதிலும் நெல்லிக்கனியும் தூதும் தவறாமல் வந்துவிடும். முதுகலை வகுப்பில் இப்போது 95ஐயும் குறுந்தொகை 91ஐயும் சேர்த்தே வைக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “அந்த முனையூர்ல இருக்கிறவங்க யாரும்மா, நம்ம பக்கத்து ஊர்க்காரங்கதானே?” வகுப்பு முடிகிறவரை அன்றைக்கு அதைத்தான் பேசினோம்.