சிங்கப்பூரில் ஏன் பனி பெய்கிறது?

குலுக்கினால் கண்ணாடிக்குள் பனி பெய்யும் 'ஸ்னோ குளோப்' இல்லாத சுற்றுலாக் கடை அரிது. போகிற ஊரிலெல்லாம் ஒன்று வாங்கி, அலமாரி நிறையச் சேர்ப்பவர்கள் உண்டு. போன ஊரை அது நினைவூட்டுகிறதா?

1900 வாக்கில் வியன்னாவில், அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்ஸி மின்விளக்கின் மங்கிய ஒளியைக் கூட்ட வழி தேடினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டால் ஒளியைக் குவிப்பது செருப்புத் தைப்பவர்களின் பழைய உத்தி. அந்த நீரில் அவர் ரவையைப் போட்டுப் பார்த்தார். ரவை பனிபோல மெல்ல இறங்கியது. பிறகு உள்ளே ஒரு தேவாலயத்தை வைத்தார். (முதல் ஆள் அவரல்ல, 1878 பாரிஸ் கண்காட்சியிலேயே இப்படிப்பட்ட கண்ணாடிக் குண்டுகள் இருந்தன.) அவர் வைத்தது மரியாட்செல் மாதா கோவில். ஆல்ப்ஸ் மலையூர், நிஜமாகவே பனி கொட்டும் இடம், யாத்திரிகர்கள் கூடும் தலம். அந்தப் பொருளில் பொய் இல்லை.

பிளாஸ்டிக் வந்ததும் அந்தப் பொருத்தம் போயிற்று. குண்டு ஒன்றே, உள்ளே பொம்மையும் அடியில் ஊர்ப் பெயரும்தான் மாறும். சிங்கப்பூரின் மெர்லயன் சிலை மேலும் துபாயின் புர்ஜ் கலீஃபா மேலும் பனி பெய்கிறது. "விளையாட்டுத்தானே, பாலைவனத்தில் பனி என்பதே வேடிக்கை" என்பார்கள் சேகரிப்பாளர்கள். ஒன்று இருந்தால் வேடிக்கைதான். முப்பது குண்டுகள் அதே வேடிக்கையைச் சொன்னால் அலுப்பு. எல்லா ஊருக்கும் ஒரே வானிலை என்றால், ஊரைப் பிரித்துக் காட்ட அடியிலுள்ள பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. அதற்கு ஓர் அஞ்சலட்டை போதும்.

பொருளாகவும் அது நீடிப்பதில்லை. நீர் மெல்ல வற்றி மேலே காற்றுக்குமிழி விழும், பிளாஸ்டிக் மஞ்சளாகும். கண்ணாடியை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் ஒளி குவிந்து துணி கருகலாம், தீயும் பிடிக்கலாம். பெர்ஸி தேடிய குணம், வேண்டாத இடத்தில்!

ஆகவே, பனி பெய்யும் ஊரில், கண்ணாடியில் செய்தது கிடைத்தால் ஒன்று வாங்கலாம். வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் பெர்ஸி குடும்பம் இன்றும் செய்கிறது. ஊருக்கொன்று என்று சேர்ப்பது வீண். வாங்கினால் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் இருந்தால், பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள்.